அழிரப்பர் இல்லாத கொட்டகை

வயிற்றுத் தூவியை ஊதி விலக்குகிறார் பெரில் ஓல்ட்ராய்ட். பலமாக அல்ல. குழந்தையின் கண்ணில் தூசி விழுந்தால் இமையைப் பிரித்து ஊதுவோமே, அந்த அளவுதான். அவருடைய இடது உள்ளங்கையில் செந்நெஞ்சு ராபின் குருவி ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அதன் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நோகாமல் மாட்டியிருக்கிறது. தூவி விலகிய இடத்தில், தொண்டைக்குழிக்குக் கீழே, மெல்லிய தோலுக்கு அடியில் கொழுப்பு மஞ்சளாகத் தெரிகிறது.

“கடலைத் தாண்டி வந்தவன் மாதிரியா இருக்கே? கல்யாண வீட்டுலேர்ந்து எழுந்து வந்தவன் மாதிரி இருக்கே,” என்று அதனிடம் சொல்கிறார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “கொழுப்பு நாலு, கண்ணு.”

நான் பேரேட்டில் கொழுப்பு மதிப்பெண் கட்டத்தில் நாலு என்று எழுதுகிறேன்.

பெரிலுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்தவர். செப்டம்பர் பிறந்தது முதல் நவம்பர் முடியும்வரை, வாரத்தில் மூன்று நாள், மற்ற மாதங்களில் ஒரு நாள், வெளிச்சம் வருவதற்கு முன்பே கார்பட் என்ற விவசாயியின் தோப்புக்குப் போய்விடுவார். ஈர நிலத்து வில்லோ மரங்களுக்கு நடுவே தலைமுடி போன்ற நூலால் பின்னிய ஐந்து வலைகளைக் கழிகளில் விரித்துக் கட்டுவார். கிழக்கே இருந்து காற்று அடித்தால் அவருக்குக் கொண்டாட்டம். நார்வேயிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் கிளம்பிய குருவிகள் கடலைக் கடந்த களைப்பில் முதலில் கண்ணில் படும் புதர்களுக்குள் விழும். விழுந்தவற்றில் சில வலைக்குள் வரும். காலில் எண் பொறித்த ஒரு வளையம் மாட்டி, இறக்கை அளந்து, எடை பார்த்து, அதன் வழிக்கே விட்டுவிடுவது அவர் வேலை. அந்தக் குருவியை இன்னொரு நாள் இன்னொரு நாட்டில் இன்னொருவர் பிடித்தால் எண்ணை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிடிக்காமலும் போகலாம். பெரும்பாலும் போகிறது.

அவர் கோட்டில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு நாடா தைத்திருக்கிறார். பொத்தான் வலையில் மாட்டும். மாட்டினால் வலை கிழியும். வலை கிழிந்தால் அன்றைக்குப் பேச்சுக் கொடுக்க முடியாது. தங்கை பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாயின் உச்சியில் இருந்த குஞ்சத்தையும் முதல் நாளே கத்தரித்துவிட்டார். தங்கை அதற்காக ஒரு வருடம் பேசவில்லையாம். “பேசாத வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு,” என்பார்.

வளையத்தை மூடும் குறடு அவர் அக்குளில் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. “சிரிக்காதே. விடியக்காலைல குளிர்ந்த இரும்பை உன் கால்ல வச்சா தெரியும்,” என்றார்.

குருவிகளிடம் அவர் பேசுவது பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசையில் பேசிய பேச்சுதான். நீலச் சிட்டுகள் நகக்கண்ணைத் தேடிக் கொத்தும். “கொத்து, கொத்து. உங்கம்மா இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?” ஒரு பெண் கரும்புள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால், “வரிசைல நிக்கணும்மா, உனக்கு மட்டும் தனியாவா?” எடை பார்க்கும்போது குருவியைத் தலைகீழாக ஒரு மாத்திரை டப்பாவுக்குள் நழுவவிட்டுத் தராசில் வைப்பார். வாலும் இரண்டு கால்களும் மட்டும் வெளியே தெரியும். இருட்டில் அது அடங்கிவிடும். “பன்னிரண்டு புள்ளி மூணு. கிளம்பு, அடுத்த ஆள்.”

குருவிக்குத் தீனி வைத்துப் பிடிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. எங்கள் பக்கத்தில் சிலர் வேர்க்கடலைக் கூடையைத் தொங்கவிட்டு அதன் அருகே வலை கட்டுவார்கள். ஒரே காலையில் நூறு, நூற்றிருபது பிடித்துவிட்டதாகச் சொல்வார்கள். “சோறு போட்டுக் கூப்பிட்டா நானும்தான் வருவேன். வழியில போறது எதுன்னு தெரிஞ்சுக்கத்தானே நிக்கிறோம்? பந்தி போட்டா எப்படித் தெரியும்?” இருபத்தாறு வருடத்தில் அந்தத் தோப்புக்குள் அவர் ஒரு பருக்கை சிந்தியதில்லை. தன் ரொட்டித் துணுக்கைக்கூட உதறாமல் மடித்துக் கொண்டுபோய்விடுவார்.

வால்நீளச் சிட்டுகள் எப்போதும் கும்பலாக வரும். குடும்பமே ஒரே வலையில் விழும். பஞ்சு உருண்டையில் குச்சி செருகியதுபோல எட்டு, பத்து. பைகளுக்குள் இருந்தபடியே ஒன்றையொன்று கூப்பிடும். முதலில் வேலை முடிந்ததை முதலில் விடக்கூடாது என்பது அவர் சட்டம். கடைசிக் குருவியின் எடை எழுதி முடியும்வரை முடிந்தவற்றைப் பைக்குள்ளேயே வைத்திருந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் என்னையும் கூப்பிடுவார். நான்கு அவர் கையில், நான்கு என் கையில். “சேர்ந்துதான் வந்தாங்க. சேர்ந்தே போகட்டும்.” நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் கவனிக்காததுபோல் இருப்பார்.

கொட்டகை என்று நான் சொல்வது தோப்பின் ஓரத்தில் உள்ள ஒரு தோட்டத்து மரக்கூடம். உள்ளே, பள்ளி கழித்துப்போட்ட ஒரு சாப்பாட்டு மேசை, துணிப்பைகள் தொங்க ஒரு வரிசை ஆணி, தராசு, இறக்கை அளக்கும் அளவுகோல், பேரேடு. பென்சிலால்தான் எழுத வேண்டும்; பனி ஈரத்தில் மை பரவிவிடும். ஆனால் அழிரப்பர் இருக்கக்கூடாது. பென்சில் முனையில் ரப்பர் இருந்தால் அதையும் கடித்துத் துப்பிவிடுவார். தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியானது. பக்கத்தில் திருத்தியவரின் பெயரெழுத்து. அவ்வளவுதான் முறை.

“அழிச்சா என்ன குறைஞ்சுபோச்சு?” என்று முதல் மாதம் கேட்டேன்.

“அழிச்ச இடம் வெள்ளையா இருக்கும். வெள்ளையா இருந்தா அங்க என்ன இருந்துச்சோன்னு சந்தேகம் வரும். அப்புறம் பக்கம் பூராவும் சந்தேகம் வரும்.”

இது அவருக்குக் குருவிகளால் வந்த பழக்கமல்ல. பள்ளிச் சமையலறையில் குளிர்பெட்டியின் வெப்பநிலையைத் தினம் இரண்டு வேளை ஒரு தாளில் குறிக்க வேண்டுமாம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஒரே மூச்சில் வாரம் முழுதுக்கும் நாலு, நாலு, நாலு என்று நிரப்பிவிடுவார்கள். பெரில் மட்டும் பார்த்து எழுதுவார். ஒருநாள் ஒன்பது டிகிரி என்று எழுதினார்; இறைச்சி கெடும் சூடு. அறுபது பேருக்கான கோழிக்கறி குப்பைக்குப் போனது. தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். “அவரு நாலுன்னு எழுதச் சொல்லல. ஏன் எழுதலன்னுதான் கேட்டாரு,” என்று அதைச் சொல்வார்.

நான் அங்கே எழுத வந்து இருபது மாதம் ஆகவில்லை. அந்த நாற்காலி என் கணவர் நெவிலுடையது. பதினாறு வருடம் பெரிலோடு நின்றவர் அவர். சென்ற வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில் மருத்துவர்கள் அவருக்கு நோயின் பெயரைச் சொன்னார்கள். அடுத்த பிப்ரவரியில் போய்விட்டார். மார்ச்சில் ஒருநாள் பெரில் வந்து கதவைத் தட்டினார். கையில் பூ இல்லை, கேக் இல்லை. பேரேடு இருந்தது. “எழுத ஆள் இல்ல. உன் கையெழுத்து குண்டு குண்டா இருக்கும்னு நெவில் சொல்லுவான். அஞ்சரைக்கு வந்துடு. பொத்தான் இல்லாத கோட்டா பாத்துப் போட்டுக்கோ,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் அவர் துக்கம் கேட்டதில்லை.

அந்தப் பேரேட்டில் நெவில் கடைசியாக எழுதிய பக்கம் ஒன்று உண்டு. அக்டோபர் பத்தொன்பது. பெரில் கண் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்த நாள். நெவில் தனியாகத் தோப்புக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தோப்பின் தாழ்ந்த மூலையில், முழங்காலுக்கு மேல் நீர் நிற்கும் இடத்தில், அவர் மட்டுமே இறங்கிக் கட்டும் வலையில், ஒரு வில்லோச் சிட்டு கிடைத்தது. கறுப்புத் தொப்பி போட்ட பழுப்புக் குருவி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பதினொரு வருடமாக ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஈரத்தில் உளுத்த மரத்தைத் தானே குடைந்து கூடு வைக்கிற ஜாதி அது. உளுத்த மரங்களை யாரும் விட்டுவைப்பதில்லை.

நெவில் அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்த விதம் எனக்கு மறக்காது. சேறு படிந்த பூட்ஸோடு சமையலறை வரைக்கும் வந்தார். பதினேழு வருடமாக நான் கத்திக்கொண்டிருந்த விஷயம் அது. அன்றைக்குக் கத்தவில்லை. அவருக்குப் பசித்தது. இரண்டு முட்டை கேட்டார்.

சாப்பிட்டுவிட்டு நேரே தோப்புக்காரர் வில்ஃப் கார்பட்டைப் பார்க்கப் போனார். கார்பட் அந்தக் குளிர்காலத்தில் வில்லோக்களை வெட்டி, வாய்க்கால் தோண்டி, நீரை வடித்து அந்த இடத்தையும் கோதுமைக்குச் சேர்ப்பதாக இருந்தார். இயந்திரத்துக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. நெவில் என்ன பேசினாரோ, கார்பட் வாக்குக் கொடுத்தார்: அந்தக் குருவி அங்கே இருக்கிறவரை மண்ணில் கை வைக்கமாட்டேன். எங்கள் ஊரில் வாக்கு என்றால் வாக்குதான், கைகுலுக்கினால் போதும். தோப்பு நின்றது.

நெவில் போனபின் அந்தத் தாழ்ந்த மூலையில் வலை கட்ட ஆளில்லை. பெரிலின் முழங்கால்கள் தண்ணீரில் இறங்க ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கோடையில் மழையே இல்லாததால் மூலை வறண்டுவிட்டது. போன வாரம் நானும் அவரும் சேர்ந்து அங்கே வலை கட்டினோம்.

வியாழக்கிழமை காலை, மூன்றாவது சுற்று. தாழ்ந்த மூலைப் பையைக் கடைசியாகத்தான் ஆணியிலிருந்து எடுத்தார். கையை உள்ளே விட்டு வெளியே எடுத்ததும் பேச்சு நின்றது. எந்தக் குருவியையும் ஏதாவது சொல்லாமல் வெளியே எடுக்காதவர். கறுப்புத் தொப்பி. காலில் ஏற்கெனவே வளையம்.

எண்ணை மெதுவாகப் படித்தார். கடைசி மூன்று எண்கள் நானூற்றுப் பதினேழு. நான் பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். என் குண்டுக் கையெழுத்து தீர்ந்து, நெவிலின் சாய்ந்த எழுத்து தொடங்கியது.

“கிடைச்சுதா?”

“அவர் குருவிதான், பெரில். அவரோட வில்லோச் சிட்டு.” என் குரல் எனக்கே சின்னப் பெண்ணின் குரல்போல் கேட்டது. “ரெண்டு வருஷம் கழிச்சும் இருக்கு பாருங்க.”

பெரில் கழுத்தில் தொங்கும் கைலென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திரும்பினார். மறுபடியும் திரும்பினார். வாலை விரித்துப் பார்த்தார்.

“இங்க வா, கண்ணு. மேல் அலகு தொடங்கற இடத்தைப் பாரு.”

லென்ஸுக்குள் அலகு பெரிதாகத் தெரிந்தது. அதன் அடியில், ஒரு கடுகளவுகூட இல்லாத வெளிர் புள்ளி.

“வில்லோவுக்கு இது இருக்காது,” என்றார். “இது சதுப்புச் சிட்டு.”

இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாறுகிற ஜோடி இது. சதுப்புச் சிட்டு அப்படி ஒன்றும் அதிசயமில்லை. ஊரைச் சுற்றி நாலைந்து இடத்தில் உண்டு.

எனக்கு அப்போது குருவி நினைவுக்கு வரவில்லை. எங்கள் சமையலறை ஜன்னல் விளிம்புதான் வந்தது. அந்த அக்டோபர் பத்தொன்பதாம் தேதி நெவிலின் கைலென்ஸ் அங்கேதான் கிடந்தது. அவர் கிளம்பின பிறகு பார்த்தேன். கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று நினைத்தேன். வெளியே தூறல். லென்ஸ் இல்லாமல் என்ன, பதினாறு வருடம் பழகியவர்தானே என்று பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

பெரில் குருவியை அளந்தார். “இறக்கை அறுபத்து மூணு. எடை பத்து புள்ளி எட்டு.” நான் எழுதினேன். ஜாதி என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் வாசலுக்குப் போய்க் கையைத் திறந்தார். முதல் கிளையிலேயே உட்கார்ந்து அது சட்டென்று தும்மியதுபோல் ஒரு சத்தம் போட்டது. சதுப்புச் சிட்டின் குரல். லென்ஸ் தேவையில்லாத குரல்.

“தானே பேரைச் சொல்லிட்டுப் போகுது, கழுதை,” என்றார் பெரில். கோபமில்லை.

மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பேரேடு நெவிலின் பக்கத்தில் திறந்திருந்தது. அந்த வரியின் மேல் ஒரு கோடு விழுந்தால் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும். கார்பட்டின் வாக்கு வில்லோச் சிட்டுக்காகக் கொடுத்தது. வில்லோச் சிட்டு இல்லையென்றால் வாக்கு இல்லை. தோப்பு இருக்காது, பெரிலின் இருபத்தாறு வருட வலைகளுக்கு இடம் இருக்காது. நெவிலின் கடைசி நல்ல நாளும் தப்பான நாளாகிவிடும்.

“யாருக்குத் தெரியப்போகுது, பெரில்?” என்றேன். இதைச் சொன்னது நான்தான் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னேன். “நீங்களும் நானும்தானே இருக்கோம். ஜாதிக் கட்டத்துல பழையபடியே போட்டுடறேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. நெவிலின் வரியின் கடைசியில், பக்கத்தின் ஓரத்தில், சுண்டுவிரலை வைத்தார். அங்கே ஒரு பென்சில் புள்ளி இருந்தது. எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். தாளின் மருவென்று நினைத்திருந்தேன்.

“சந்தேகம்னா புள்ளி வைப்பேன். நான் வச்சதுதான் இது. கண் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாள்.”

“உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியாது. சந்தேகம். அவன் என்கிட்ட அந்தக் குருவியோட சத்தத்தைச் செஞ்சு காட்டினான். வில்லோ மூக்கால இழுக்கும். அவன் செஞ்சு காட்டினது தும்மல் மாதிரி இருந்துச்சு. கேட்டுடலாம்னு வாயைத் திறந்தேன்.” சுண்டுவிரலைப் புள்ளியிலிருந்து எடுத்தார். “அவன் அன்னைக்கு ரெண்டு முட்டை தின்னேன்னு சொன்னான். மூணு வாரமா கஞ்சியைத் தவிர ஒண்ணும் இறங்கலன்னு நீ எனக்குப் போன்ல அழுதிருந்தே. நான் வாயை மூடிக்கிட்டேன். புள்ளி மட்டும் வச்சேன்.”

வெளியே இரண்டு ராபின்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“அன்னைக்கு எனக்குச் சந்தேகம்தான். சந்தேகத்துக்குப் புள்ளி போதும். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு, கண்ணு. தெரிஞ்சப்புறம் புள்ளி போதாது.” பென்சிலை எடுத்தார். “உனக்குப் பாக்க வேணாம்னா வெளில போய் டீ ஊத்து.”

நான் போகவில்லை.

அளவுகோல் வைக்காமல், ஒரே இழுப்பில், மெலிதாக ஒரு கோடு போட்டார். மேலே சதுப்புச் சிட்டு என்று எழுதினார். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். பிறகு பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அடியில இருக்கிறது படிக்க முடியுதா?”

சாய்ந்த எழுத்து. ஈரத்தில் கொஞ்சம் மங்கிய எழுத்து. வில்லோவின் கடைசி எழுத்தை எப்போதும்போல் வாலோடு இழுத்திருந்தார்.

“முடியுது,” என்றேன்.

“சரி. வலையெல்லாம் சுருட்டு. வில்ஃப்கிட்ட போகணும்.”

“இன்னைக்கேவா?”

“நாளைக்குப் போனா என்ன சொல்லலாம்னு யோசிச்சுட்டுப் போவேன்.”

கார்பட் களத்தில் டிராக்டரின் முன்சக்கரத்தருகே குந்தியிருந்தார். பெரிலோடு ஒரே வகுப்பில் படித்தவர். எங்களைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“என்ன பெரிலு, இந்நேரத்துல? வலைல எங்க வீட்டுக் கோழி விழுந்துடுச்சா?”

“கோழி விழுந்திருந்தா சொல்லாம சமைச்சிருப்பேன். எந்திரி, வில்ஃப். ஒரு விஷயம்.”

“நீ சமைச்சா அது செத்தது வீண்தான். உன் கஸ்டர்டுல இருந்த கட்டியை எம் பையன் இன்னும் சொல்றான்.”

“கட்டி இல்ல. அவனுக்கு அப்ப பல்லு விழுற வயசு.” நின்றபடியே, ஒரே மூச்சில் சொன்னார்: “நெவில் புடிச்சது வில்லோச் சிட்டு இல்ல. சதுப்புச் சிட்டு. இன்னைக்கு அதையே திரும்பப் புடிச்சேன். அவன்மேல தப்பில்ல, ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு, உன்கிட்ட சொல்லல. அது என்மேல தப்பு.”

கார்பட் எழுந்து நின்றார். முழங்கால் முறிந்ததுபோல் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்தார். பிறகு பெரிலைப் பார்த்தார்.

“அப்ப அந்தக் குருவிக்குத் தோப்பு வேணாமா?”

வேண்டும் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“அதுவும் குறைஞ்சுகிட்டுதான் வருது,” என்றார் பெரில். “ஆனா வில்லோச் சிட்டு அளவுக்கு இல்ல. இந்தத் தோப்பு போனா ஒருவேளை சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற காட்டுக்குப் போயிக்கும். போகாம செத்தும் போகலாம். எனக்குத் தெரியாது.”

“நீ வக்கீலுக்குப் படிச்சிருந்தா கட்சிக்காரனைத் தூக்குல போட்டிருப்பே,” என்றார் கார்பட். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, வெகுநேரம். “நான் நெவில்கிட்ட என்ன வாக்குக் கொடுத்தேன்?”

“வில்லோச் சிட்டு இருக்கிற வரைக்கும்னு.”

“இல்ல. அவரு போன்ல படம் காட்டினாரு. எனக்கு எல்லாம் ஒரே குருவிதான். இந்தக் குருவி இருக்கிற வரைக்கும்னுதான் சொன்னேன். கால்ல வளையத்தோட இருந்துச்சு.” என் பக்கம் திரும்பினார். “அதே வளையமாம்மா?”

“அதேதான்,” என்றேன். “நானூத்திப் பதினேழு.”

“உயிரோட இருக்கா?”

“ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கத்திட்டுப் போச்சு,” என்றார் பெரில்.

“அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் வந்து என் டிராக்டரைப் பழுது பாக்க விடாம பண்றீங்க?” குனிந்து ஸ்பேனரை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்தார். “ஆனா ஒண்ணு, பெரிலு. அது இருக்கிற வரைக்கும்தான். அது போச்சுன்னா என் வாக்கும் போச்சு. எம் பையன் ரெண்டு வருஷமா அந்த மூலைக்காக என் காதைத் தின்னுறான். வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு வந்து சொல்லணும், இருக்கா இல்லையான்னு.”

“கண்ணுல படலேன்னா நானே வந்து சொல்றேன்.”

“நீ வந்து சொல்லுவே,” என்றார் கார்பட். “அதுதானே எனக்குப் பயமா இருக்கு.”

திரும்பும் வழியில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். பத்து புள்ளி எட்டு கிராம். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் கனம்தான். அந்த ஜாதி சாதாரணமாக இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும் என்று நெவில் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஏழெட்டு வருடம் இருந்தவையும் உண்டாம். இதற்கு இரண்டு முடிந்துவிட்டது. முன்னால் ஒரு குளிர்காலம். பட்டை இடுக்குகளில் விதையைத் தேடித் தின்று அதைக் கடக்க வேண்டும்.

கார்பட் தன் காட்டுக்கோழிகளுக்காக வயலோரத்தில் சூரியகாந்தி போட்டிருக்கிறார். அக்டோபரில் அவை கறுத்துத் தலை குனிந்து நிற்கும். பெரில் அங்கே நின்று ஒரு பூவைத் திருகி ஒடித்து, நாடா தைத்த கோட்டுக்குள் செருகிக்கொண்டார். 

தோப்புக்குள் நுழைந்ததும் கொட்டகைக்குப் போகாமல் தாழ்ந்த மூலைக்கு நடந்தார். அங்கே ஒரு வில்லோ பாதியில் முறிந்து, பட்டை வெடித்து நிற்கிறது. அதன் முன்னால் நின்று பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். விதைகள் கையில் உதிர்ந்தன. இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார், யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல. பிறகு ஒவ்வொரு விதையாக எடுத்து, பட்டையின் வெடிப்புகளுக்குள் வைத்து, உள்ளே போகும்வரை பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.